சரிகையின் மேல் இடக்கை

ஆரணியில் ஒரு பட்டுக் கம்பெனி, வாடிக்கையாளர்களைப் பற்றித் தயாரித்த ஆய்வறிக்கையை இணைய இதழாக்கும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தது. அந்தத் தடித்த அறிக்கையை யாரும் படித்ததில்லை. அதைச் சுவையான கட்டுரைகளாக்க வேண்டும்; படிப்பவர் மயங்கிப் புடவை வாங்க வேண்டும். ‘பெண்கள் சரிகையை நெடுநேரம் வருடுகிறார்கள்’ என்றொரு வரி அகப்பட்டது. அதை ‘விரல்கள் பேசும் காதல்’ என்ற கட்டுரையாக்கி, கம்பெனிக் கடையின் சேல்ஸ்மேனிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

ஒல்லியான மனிதர், காதில் பேனா. யாருக்குப் புடவையை விரித்தாலும் அவருடைய இடக்கை சரிகையின் மேலேயே கிடக்கும்.

“காதலா? நெசமான சரிகையான்னு நகத்தால சொரண்டிப் பாக்கறாங்க சார். போலின்னு தெரிஞ்சிட்டா பேஜாரு. அதான் கைய வெச்சிகினு நிக்கறேன். இத போடுவீங்களா?”

“கம்பெனி இதழாச்சே, எப்படிங்க போட முடியும்?”

அவர் சிரிக்கவில்லை. “அப்ப நீங்களும் கைய வெச்சிகினுதான் எழுதறீங்க” என்றார்.

கட்டுரை வந்தது. கம்பெனியில் எல்லோரும் பாராட்டினார்கள். அதன்பின் எதை எழுத உட்கார்ந்தாலும், என் இடக்கை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.