பனியன் துணிப் பட்டம்

வெள்ளைப் பனியன் துணியில் செய்த பட்டம் ஒன்று எங்கள் வீட்டுப் பரண்மேல் இன்னும் கிடக்கிறது. கஞ்சி போட்டு விறைத்த துணி, ஓரமெல்லாம் மிஷின் தையல், நடுவில் மூங்கில் குச்சி. காகிதமாக இருந்திருந்தால் என்றைக்கோ கிழிந்து ஒழிந்திருக்கும். இது ஒழியவும் மாட்டேன் என்கிறது. தீபாவளிக்குப் பரணைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் கையில் அகப்பட்டு என் எரிச்சலைக் கிளப்புகிறது.

அறுபதுகளில் அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். நாங்கள் எழும்புமுன் போய், தூங்கிய பிறகு வருவார். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எனக்கும் தம்பிக்கும் அவர் முகம் பார்க்கக் கிடைத்த நாள். அந்த ஆடி மாதம் எங்களுக்கு ஒரே ஆசை, அப்பாவோடு வேலம்பாளையத்து மேட்டில் பட்டம் விட வேண்டும். தெருப் பிள்ளைகள் பழைய செய்தித்தாளை ஒட்டி ஜோராகப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "காயிதம் நாளைக்கே கிழிஞ்சு போயிரும். செய்யறதக் காலத்துக்கும் நிக்கிற மாதிரி செய்யோணும் கண்ணு" என்று கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் துணி கொண்டுவந்தார். பிள்ளைகளோடு விளையாடினாலும் அதில் ஒரு பிரயோசனம் இருந்தாக வேண்டும் அவருக்கு.

பனியன் துணியில் யாராவது பட்டம் செய்வார்களா? உடம்புக்குக் காற்றோட்டம் வேண்டுமென்றே பின்னிய துணி அது. அதே காற்று பட்டத்துக்குள்ளும் புகுந்து போய்விடும் என்று, நாள் முழுக்க அந்தத் துணியையே வெட்டுகிற மனிதருக்குத் தோன்றவில்லை! முதல் ஞாயிறு தம்பி நூலைப் பிடித்துக்கொண்டு ஓடினான். பட்டம் நனைந்த கோழிபோலத் தரையில் இழுபட்டு வந்தது. "கை வெச்சுத் தெச்சு மாட்டிக்கடா!" என்று தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு இன்னும் நெருக்கமான துணி. அதற்கடுத்த ஞாயிறு கஞ்சி. அது காயும்வரை வாசலில் தேவுடு காத்துவிட்டு, மேட்டுக்குப் போனால் பொழுது இறங்கியிருக்கும். குச்சியைப் பிடி, நூலை இழு, தள்ளி நில் என்பதற்குமேல் எங்களிடம் அவர் எதுவும் பேசியதாக நினைவில்லை.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டேன். "அப்பா, காயிதப் பட்டமே போதுமுங்க. இன்னைக்கு ஒருக்கா மட்டும் விடலாமுங்க."

"பொறு கண்ணு, கஞ்சிதான் பத்தல" என்றார், நிமிரக்கூட இல்லை. தம்பி கையிலிருந்த செய்தித்தாளைக் கசக்கி எறிந்துவிட்டு அழுதான். பிறகு ஆடிக் காற்றும் நின்றுபோனது. அடுத்த வருஷம் ஆர்டர் கூடி ஞாயிறும் வேலை நாளானது.

அப்பா வேலையை விட்டு வீட்டோடு இருந்த காலத்தில், ஒரு தீபாவளிக்கு அந்தப் பட்டத்தைக் கீழே இறக்கி, "இந்தக் கருமத்த வீசிரட்டுங்களா?" என்றேன். பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டார்.

"அட, இது பறந்துச்சு கண்ணு!"

கரண்ட் இல்லாமல் கம்பெனியைப் பாதியில் மூடிய ஒரு பகலில், தனியாக மேட்டுக்கு எடுத்துப் போனாராம். "அன்னைக்குக் கஞ்சி சரியா நின்னுச்சு. நூல் தீர்ற மட்டும் மேல போச்சு." சொல்லும்போது முகமெல்லாம் பூரிப்பு.

"எங்களக் கூப்பிடலீங்களா?"

"நீங்க பள்ளிக்கூடம் போயிருந்தீங்களே."

"அப்பறமாச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"மறுக்கா பறக்குமோ என்னமோ, எப்படிச் சொல்றது?" என்றார்.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். போன வாரம் என் மகன், ஞாயிற்றுக்கிழமை தன் பையனை எந்த வகுப்பில் சேர்த்தால் உபயோகமாக இருக்கும் என்று செல்போனில் துருவிக்கொண்டிருந்தான். பையன் பந்தை வைத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே நின்றிருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பரணிலிருந்து பட்டத்தை எடுத்து மகன் மடியில் போட்டேன்.

"என்னம்மா இது?"

"உங்க அப்புச்சி எங்களுக்குச் செஞ்ச பட்டம்."

தட்டிப் பார்த்தான். "நல்லாக் கெட்டியாத்தான் இருக்குது. பறந்துச்சா?"

"பறந்துச்சாமா. பாக்கத்தான் நாங்க ஆருமில்ல."