ஒரே டேக் டைரக்டரின் கடைசிப் படம்

உதவி இயக்குநர் என்றால் டைரக்டருக்குக் குடை பிடிப்பவன் என்று ஊரில் நினைக்கிறார்கள். உண்மைதான், ஆனால் குடை பிடிப்பதுதான் அதில் சுலபமான வேலை. என்னைப் போல் இந்த உத்தியோகத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகோதரர்களுக்கு, திண்டிவனம் பக்கம் நான் பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் டைரக்டருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் அவர் பெயரைப் பார்த்தே டிக்கெட் வாங்கினார்கள். பல வருஷம் கழித்து இப்போது ஒரு படம் கிடைத்தது. அது முடிவதற்குள் அவருக்கு வந்திருந்த மறதி வெளியே தெரிந்தால் படம் நின்றுவிடும். எங்கள் பிழைப்பு கிடக்கட்டும், அந்தப் படத்துக்காகத்தான் மனிதர் உயிரையே வைத்திருந்தார்.

மறுபடியும் அதே ஷாட்

ஃபிலிம் விற்ற விலைக்குப் பயந்து, பத்து முறை ஒத்திகை பார்த்து ஒரே டேக்கில் எடுப்பவர் என்று அவருக்குப் பேர். கிளியனூரில் மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலைக் கொல்லை வழியாகக் கதாநாயகி நடந்து வரும் ஷாட்டை எடுத்து ஓகே சொல்லியிருந்தார். மறுநாள் காலை அதே இடத்தில், அதே ஷாட்டுக்கு ட்ராலி போடச் சொன்னார். "சார், இது..." என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் கேமரா பக்கம் திரும்பினேன். கேமராமேன் என் காதருகே வந்து சொன்னார்: "இப்ப ஃபிலிமா ஓடுது? கார்டுதானே, அழிச்சுக்கலாம். போடுங்க ட்ராலிய."

மூன்றாவது அழுகை

சாவு வீட்டுக் காட்சிக்கு உள்ளூர்ப் பெண்களையே கூப்பிட்டிருந்தோம். களை வெட்டுகிற வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுததில், லைட்மேனே கண்ணைத் துடைத்தார். டைரக்டர் கைதட்டினார். டீ குடித்து முடித்ததும், "சாவு சீன் எடுக்கலாமா?" என்றார். திரும்ப அழுதார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு தரம் கேட்டார். லைட் சரியில்லை, அது இது என்று அந்த அம்மாவிடம் பொய் சொல்லப் பார்த்தேன். சொல்லவே விடவில்லை: "எங்க மாமனாரும் இப்டித்தான் தம்பி, துன்னுட்டு துன்னலன்னு சொல்லிக்கினு இருந்தாரு. அவர ஒண்ணும் கேக்காதீங்க, நான் இன்னொருவாட்டி அழுவறேன்."

கதை கேட்க வந்தவர்

தயாரிப்பாளர் விழுப்புரத்தில் மனை விற்பவர். கிளைமாக்ஸை எடுப்பதற்கு முன் டைரக்டர் வாயாலேயே கேட்க வேண்டுமென்று லாட்ஜுக்கு வந்தார். டைரக்டர் எழுந்து நின்று நடித்தே காட்டினார். ரயில் கிளம்புகிறது, அண்ணன் ஓடி வருகிறான், தங்கை ஜன்னலில் கை நீட்டுகிறாள். எனக்கு வியர்த்துவிட்டது. அது எங்கள் கதையே இல்லை; ஐம்பது வருஷத்துக்கு முன் அவர் எடுத்து வெள்ளிவிழா கொண்டாடிய படம். தயாரிப்பாளர் குறுக்கே பேசாமல் கேட்டார், அவரைக் கும்பிட்டார், என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். "இதப் பாத்து சின்ன வயசுல அழுதிருக்கேன்யா. எத்தினி நாளா மறைச்சிக்கினு இருக்கீங்க?"

பூசணிக்காய்

படம் நின்றது. அதை டைரக்டரிடம் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. படப்பிடிப்பு தொடங்கும்போது தேங்காயும், முடிகிற அன்று பூசணிக்காயும் உடைப்பது எங்கள் வழக்கம். உடைத்துக் காட்டினால் படம் முடிந்தது என்று நம்பி நிம்மதியாக வீட்டுக்குப் போவார் என்று தயாரிப்பாளரே யோசனை சொன்னார். காலையில் யூனிட் முழுக்கக் கூடினோம். கற்பூரம் ஏற்றி, கேமராவுக்குச் சுற்றி, நான் காயைத் தூக்கினேன். என் பெயரைக்கூட மறந்துவிட்ட மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்: "கிளைமாக்ஸ் எடுக்கலையேப்பா, அதுக்குள்ள எதுக்கு ஒடைக்கிறீங்க?"

டைரக்டர் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்வது உதவி இயக்குநரின் கடமை என்பதால், "தேங்காய் வாங்கிட்டு வந்துடுறேன் சார்" என்று சொல்லிவிட்டு, ஜெனரேட்டர் வேனுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.