எப்போது, எங்கே, எதில் கேட்பீர்கள்?

கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் தொழிலில், ஒரு மணி நேரப் பாட்டைப் பதிய ஒரு மணி நேரம் ஆகும், நிமிடம் குறையாது. தையற்காரர் பத்துச் சட்டைக்குத் துணியைச் சேர்த்து வெட்டலாம். ஓட்டல்காரர் நாற்பது இட்லியை ஒரே ஈட்டில் எடுக்கலாம். நாங்கள் மட்டும் வாடிக்கையாளருக்குப் பிடித்ததை, அவர் கேட்பதற்கு முன்பே, முழுதாக உட்கார்ந்து கேட்டுத் தீர்க்க வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் அடுத்தவர் ரசனையில் காலம் தள்ளியவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படியுங்கள்.

ஏற்காடு கடைவீதியில், எண்பதுகளில், எனக்கு அப்படி ஒரு கடை இருந்தது. அண்ணன் ஆசையாகத் தொடங்கி ஒரே வருடத்தில் சலித்துப்போய், இரண்டு டேப் டெக், ஒரு ரெக்கார்டு பிளேயர், அலமாரி நிறைய இசைத்தட்டுகள் எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டுக் கோயமுத்தூருக்குப் போய்விட்டார். நான் சேலத்தில் பி.ஏ. தமிழ் படித்தவள். கல்யாணம் அமையவில்லை, வேறு பிழைப்பும் அமையவில்லை. கடைக்குப் பின்னாலேயே ஓர் அறையில் குடியிருந்தேன்.

கூட்டமெல்லாம் சினிமாப் பாட்டுக்குத்தான். கர்நாடக சங்கீதம் கேட்டு வருகிறவர்கள் இருபது பேர் இருந்தால் அதிகம். அவர்களிடம் மட்டும் மூன்று கேள்வி கேட்பேன். எப்போது கேட்பீர்கள், எங்கே கேட்பீர்கள், எதில் கேட்பீர்கள்? சமையலறையில் கேட்பவருக்குச் சத்தத்தைத் தூக்கிப் பதிய வேண்டும். படுக்கையில் கேட்பவருக்கு இறக்கிப் பதிய வேண்டும். பதிலை நோட்டில் எழுதிக்கொள்வேன். மற்றவர்கள் ஜாதகம் பார்த்துத் தெரிந்துகொள்வதை நான் அந்த நோட்டிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

ஏற்றத்துக்கு ஒரு பக்கம், இறக்கத்துக்கு ஒரு பக்கம்

பழனிசாமி சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஜீப் ஓட்டியவர். பயணிகள் சினிமாப் பாட்டுப் போடச் சொன்னால், டேப் ரிப்பேர் என்று சொல்லிவிட்டு, அவர்களை இறக்கிவிட்ட பிறகு கல்யாணியும் தோடியும் கேட்கிற ஆள். எங்கே கற்றுக்கொண்டார் என்று கேட்டேன். எஸ்டேட் துரை ஒருவருக்கு வண்டி ஓட்டியபோது பின்சீட்டிலிருந்து ஒட்டிக்கொண்டது என்றார்.

அவர் கேசட்டில் முதல் பக்கம் மலை ஏறுவதற்கு. துரிதமான கீர்த்தனை, ஸ்வரம், தனி ஆவர்த்தனம் எல்லாம் அதில் இருக்கலாம். இரண்டாம் பக்கம் இறங்குவதற்கு. அதில் ஆலாபனையும் விருத்தமும் மட்டும். எனக்கு இது புதுமாதிரியான ரசனையாகத் தோன்றியது. இறங்கும்போது மனசு அமைதியை விரும்புகிறதா என்று கொஞ்சம் கவித்துவமாகவே கேட்டுவிட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கக்கா. எறங்கறப்ப மிருதங்கம் வந்தா, காலு பிரேக்குல தாளம் போடுது."

பேர் வருவதற்கு முன்

ரோசலின் பள்ளிக்கூட ஆசிரியை. சனிக்கிழமை மதியம், நோட்டுத் திருத்தும்போது கேட்பார். சாப்பாட்டு மேசையில், சின்ன டேப்பில். வாய்ப்பாட்டே பிடிக்கும். ஆனால் பாட்டு வேண்டாம், ராகம் மட்டும் போதும் என்பார். ஒரு வித்வான் இருபது நிமிடம் ஆலாபனை செய்துவிட்டு, வயலின்காரரும் முடித்து, பல்லவி எடுக்க வாயைத் திறக்கிற இடத்தில் நான் பொத்தானை அமுக்க வேண்டும். ஒரு நொடி தவறினாலும் கேசட் திரும்பி வந்துவிடும்.

அவ்வளவு தூரம் நடந்து வந்து வாசலோடு திரும்பிப் போவது போல இருக்கிறதே என்றேன் ஒருநாள். அவர் கடைக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"ராகம் எந்த மதம்னு எங்க அத்தைக்குத் தெரியாதுக்கா. சாமி பேரு வந்தாத்தான் தெரியும்."

ஒரு பக்கமாகப் பெய்த மழை

கடையை எடுத்து நடத்திய நான்காம் வருடம், மழைக்காலத்தில் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தேன். எழுந்தபோது தகரக் கூரையில் மழை இடது பக்கம் மட்டும் பெய்தது. திரும்பிப் படுத்தேன், மழை நின்றுவிட்டது. மறுபடி திரும்பினேன்; பெய்தது. வலது காது போய்விட்டதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. ஒற்றைக் காதுக்காரியிடம் யார் கேசட்டைக் கொடுப்பார்கள்? கை நடுங்கும் நாவிதரிடம் யாராவது முகத்தைக் கொடுப்பார்களா? மேசையைச் சுவரோரம் நகர்த்தி, வருகிறவர்கள் எல்லாரும் என் இடப்பக்கமே நிற்கும்படி செய்துகொண்டேன். சேலத்தில் பார்த்த காது டாக்டர் நரம்பு போய்விட்டது, திரும்பாது என்றார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர் கேட்டார். வீட்டில்தான் இருக்கிறேன் என்றேன்.

"ஊட்டு வேலைதானேம்மா. அதுக்கு ஒரு காது தாராளம்."

போட்டுப் பார்க்கக் கூடாத கேசட்

மூன்று வருடம் அப்படியே ஓடியது. பிறகு ஒரு தை மாதம், மேகம் கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிற நாட்களில், டெக்கின் முகப்பில் இருந்த இரண்டு முட்களில் வலது முள் அசையாமல் படுத்துவிட்டது. பதியும் சத்தத்தைக் காட்டுகிற முட்கள் அவை, பக்கத்துக்கு ஒன்று. ஈரத்தில் முள்தான் கெட்டுவிட்டது என்று தீர்மானித்தேன். ஸ்பீக்கரில் இசைத்தட்டு நன்றாகத்தான் ஒலித்தது. பதிந்தபின் ஹெட்போனில் ஆரம்பத்தைக் கேட்டுப் பார்த்தாலும் குறை தெரியவில்லை.

அந்த வாரத்தில்தான் வெள்ளக்கடை கிராமத்திலிருந்து அண்ணாமலை வந்தார். காப்பியும் ஆரஞ்சும் வைத்திருந்த மலை விவசாயி. மகளுக்குக் கல்யாணம், வீட்டு வாசலிலேயே பந்தல். மலையில் இவர்கள் வழக்கத்துக்கு இவர்கள் கொட்டே போதும். மாப்பிள்ளை வீட்டார்தான் நாதஸ்வரம் வேண்டும் என்றார்கள். பேசி வைத்திருந்த மேளக்காரர்கள், அன்று முகூர்த்த நாள், மலை ஏறிவந்தால் மற்ற கல்யாணங்கள் போய்விடும் என்று கையை விரித்துவிட்டார்கள். ஆகவே கேசட். முதல் பக்கம் விடிந்ததிலிருந்து வாசிக்க நாதஸ்வரம். இரண்டாம் பக்கம் தொடங்கியதுமே கெட்டி மேளம். கை காட்டியதும் பொத்தானை அமுக்கினால் போதும்.

பதிந்து முடித்து, ஹெட்போனில் கெட்டி மேளம் சரியான இடத்தில் தொடங்குகிறதா என்று மட்டும் பார்த்தேன். நாதஸ்வரம் எழுந்தது, உடனே நிறுத்திவிட்டேன். தாலி இல்லாத இடத்தில் அதைச் சும்மா ஒலிக்கவிட யாருக்குத்தான் மனசு வரும்? அண்ணாமலையும் வீட்டில் போட்டுப் பார்க்க மாட்டேன் என்றார். தாலியோடு சேர்த்துச் சாமி படத்தடியில் வைத்துவிடப் போவதாகச் சொல்லி, கேசட்டை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டார்.

"மாப்ள ஊட்டுக்காரங்க கீழ்நாட்டுக்காரங்க. மலையேறி வந்து பொண்ணெடுத்தோம், மேளங்கூட இல்லைன்னு ஒரு வார்த்தை வந்துறக் கூடாதுங்கம்மா. எம் புள்ள ஆயுசுக்கும் கேக்கோணும்."

ஏரியைச் சுற்றி நடந்தவர்

சுந்தரம் வங்கி அதிகாரி. ஏற்காட்டுக்கு மாற்றலாகி வந்தவர். விடிந்ததும் வாக்மேனை இடுப்பில் செருகிக்கொண்டு, ஹெட்போனோடு ஏரியைச் சுற்றி நடப்பார். ஒரு சுற்றுக்கு ஒரு ராகம் கணக்கு. பெரிய ராகமாக இருந்தால் உடம்புக்கு நல்லது என்பார்.

ஒருநாள் காலை ஏழேகால் மணிக்கு, நடை முடிந்த கையோடு கடைக்கு வந்தார். முந்தின நாள் வாங்கிப்போன கேசட்டில் வலது பக்கம் ஒன்றும் வரவில்லை, மிருதங்கத்தையே காணோம் என்றார். ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு கேட்டேன். நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். அவர் அதைக் கழற்றி, இடம் வலம் மாற்றி என் தலையில் வைத்தார். சுத்தமாக ஒன்றுமில்லை. டேப்பை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் வாக்மேனின் சின்ன ஜன்னலை என் முகத்துக்கு நேரே காட்டினார். உள்ளே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"கேசட்டுல ஒரு பக்கம் இல்லைங்க. மேடம், உங்களுக்கும் ஒரு பக்கம் இல்லைங்களா?"

பழனிசாமியின் நன்றி

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மூன்று வருடமாக அடக்கி வைத்திருந்த வார்த்தை, இருமல் மாதிரி வெளியே வந்துவிட்டது. சொல்லி முடித்த அதே நொடியில் நோட்டு கண்ணில் பட்டது. அன்றுதான் வெள்ளக்கடைக் கல்யாணம். ஒன்பதரைக்கு முகூர்த்தம். அந்த இசைத்தட்டில் நாதஸ்வரம் இடப்பக்கம். தவில் முழுவதும் வலப்பக்கம். அண்ணாமலையின் கேசட்டில் கெட்டி மேளம் இருந்தது, மேளம்தான் இல்லை.

டெக்குக்குப் பின்னால் வலப்பக்கக் கம்பியைப் பிடுங்கினால், முனை முழுக்கப் பச்சைக் களிம்பு. முள் ஒருநாளும் பொய் சொல்லவில்லை. துடைத்துச் செருகியதும் அது எழுந்து ஆடியது. இனி அந்த முள்ளை மட்டும் நம்ப மனசில்லை. பதியும் சத்தத்தை நீங்கள் கேளுங்கள், வலது பக்கம் நின்றால் கையைத் தூக்குங்கள் என்று சுந்தரத்திடம் சொன்னேன். கெட்டி மேளம் தொடங்கும் பக்கத்தை மட்டும் புதிதாகப் பதிந்தோம், இருபத்தைந்து நிமிடம். அவசரத்துக்காக எந்தச் சக்கரமும் வேகமாகச் சுற்றாது. இத்தனை வருடத்தில் தொழிலின் அந்த ஒரு விதியை நான் மனசார வெறுத்தது அந்த இருபத்தைந்து நிமிடம்தான். அவர் கண்ணை மூடி நின்றார். கை எழவே இல்லை.

பஸ் ஸ்டாண்டில் பழனிசாமியின் ஜீப் நின்றிருந்தது. ஏறிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். முந்தின வாரம் அவருக்குக் கொடுத்த கேசட்டிலும் மிருதங்கம் இருந்திருக்காது, மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் வளைவில் திருப்பிக்கொண்டே என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நாஞ்சொன்னதை நெனப்பு வெச்சு, மெனக்கெட்டு ஏறுற பக்கத்துலயும் மிருதங்கத்தை எடுத்துட்டீங்கன்னு நெனச்சனுங்கக்கா. எங்கூட்டுலகூட உங்களைப் பெருமையாச் சொன்னேன்."

தவில்காரர்

கடைசித் திருப்பத்திலேயே நாதஸ்வரம் கேட்டது. மரத்தில் கட்டிய குழாயிலிருந்து அது தனியாக வந்துகொண்டிருந்தது. நாதஸ்வர மைக்கில் ஒட்டிய தவில் மட்டும் எங்கோ அடுத்த மலையில் யாரோ வாசிப்பது போல மெலிதாக, இருந்தும் இல்லாமல். துணையில்லாத நாதஸ்வரம் அவ்வளவு துக்கமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பந்தலில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் குழாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அண்ணாமலை வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. அந்தப் பெரியவர் ஏற்கெனவே கேட்டுவிட்டாராம், தவிலைக் காணோமே என்று. தவில்காரர் வளைவில் வந்துகொண்டிருக்கிறார் என்று இவரும் சிரித்துச் சமாளித்திருக்கிறார். சொன்னது அவருக்கே வேடிக்கையாக இல்லை. நான் அவரைத் தள்ளி அழைத்துப்போய்ச் சொன்னேன். எனக்கு வலது காது கேட்காது, மூன்று வருடமாயிற்று, ஊரில் மறைத்துவிட்டேன், உங்கள் கேசட்டில் மேளம் விழாதது என்னால்தான், இது சரியான கேசட். அவர் முகத்தில் கோபம் வந்து, இடமில்லாமல் திரும்பிப் போனதைப் பார்த்தேன். காதுப் பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் தாலி ஆகட்டும் என்று கேசட்டை வாங்கிக்கொண்டு மைக் செட்காரரிடம் ஓடினார்.

கை காட்டினார்கள். பொத்தானை அமுக்கினார்கள். தவில் விழுந்தது. காதில் விழுந்ததைவிடக் காலில் விழுந்தது என்று சொல்ல வேண்டும்; தரை வழியாக ஏறி, செத்த காது உட்பட உடம்பு முழுவதும் ஒலித்தது. பெண் நிமிர்ந்து பார்த்தாள். அட்சதை போட்டு முடித்ததும், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் அண்ணாமலையின் பக்கம் குனிந்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்.

"தவில்காரர் நேரங்கழிச்சு வந்தாலும் நல்ல கைங்க, சம்பந்தி."

சார்ஜ்

மறுநாள் கடை வாசலில் என் கையெழுத்திலேயே அட்டை எழுதி மாட்டினேன். எனக்கு ஒரு காது கேட்காது. வாங்கும் கேசட்டை இங்கேயே போட்டுக் கேட்டு எடுத்துச் செல்லவும். கடை அந்த மாதமே மூடிவிடும் என்று நினைத்தேன். மூடவில்லை. ஊரார் எல்லாரும், கேட்கிற காதின் பக்கமும் சேர்த்துக் கத்திப் பேச ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். குறையோடு போன எட்டுக் கேசட்டுகளில் மூன்றுதான் மாற்றிக்கொள்ளத் திரும்பி வந்தன. மற்ற ஐந்து பேருக்கு மிருதங்கம் இல்லாதது தெரியவில்லையா, தெரிந்தும் அதுவே போதும் என்று இருந்துவிட்டார்களா என்பதை நான் விசாரிக்கவில்லை. என் மூன்று கேள்விகளுக்குள் அது வராது.

சுந்தரம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அரை மணி நேரம் வந்து, அந்த வாரத்துக் கேசட்டுகளின் வலப்பக்கத்தை மட்டும் கேட்டுச் சரிபார்த்துக் கொடுத்தார். பாட்டே இல்லாமல் தாளம் மட்டும் கேட்டுக் கேட்டுத் தனக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது என்பார். இரண்டு வருடம் கழித்து மாற்றல் உத்தரவு வந்தபோது விடைபெற வந்தார். வங்கிக்காரர் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

"வலது காது சார்ஜைப் பழனிசாமிகிட்ட முறையா ஒப்படைச்சுட்டேன், மேடம். வேணும்னா கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

சங்கீதத்தை எல்லாரும் அவரவர் வசதிக்குத்தான் கேட்கிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க எனக்குப் ஒன்பது வருடமும் ஒரு காதும் செலவாயின.