குழந்தை குணமாகிவிட்டதாக ஒரு புகார்

கண்ணீருக்கு உகந்த நேரம் மாலை ஏழரை மணி என்பது புகார் அக்காவின் கண்டுபிடிப்பு. நன்கொடை கேட்கும் பதிவைக் காலையில் போட்டால், வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் ஒரு லைக்கைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மதியம் போட்டால் தூக்கக் கலக்கம். இரவு பத்துக்கு மேல் இரக்கம் பொங்கும், வங்கிக் கடவுச்சொல் மறந்துபோயிருக்கும். ஏழரைக்குத்தான் வயிறு பாதி நிறைந்து, மனசு பாதி இளகி, போன் முழுசாகக் கையில் இருக்கும்.

ஏழைக் குழந்தைகளின் இதய நோய்க்குச் சிகிச்சை செய்யும் அந்த அறக்கட்டளையின் அலுவலகம், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இரண்டு அறைகள். ஒன்று நிர்வாகியுடையது. மற்றதில் மிச்ச உலகம் முழுதும் இருந்தது. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கும் யாரும் வாங்கிப்போகாத துண்டுப்பிரசுரக் கட்டுக்கும் நடுவே ஒரு மேசை. அதுதான் சமூக ஊடகப் பிரிவு. பிரிவின் தலைவர், துணைத்தலைவர், கடைநிலை ஊழியர் எல்லாமே அக்கா ஒருவர்தான்.

அதற்கு முன்னால் ஒரு வாஷிங்மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பதினோரு வருஷம் இருந்தார். 'சார், பாக்கெட்டில் சாவிக்கொத்தோடு துணியைப் போட்டால் சத்தம் வரத்தான் செய்யும்' என்பதை இருபத்தேழு விதமாகப் பணிவோடு சொல்லத் தெரிந்தவர். கம்பெனி அந்த வேலையை ஒரு பதிவுக் குரலிடம் ஒப்படைத்த அன்று இங்கே வந்தார். இணையத்தில் கை நீட்டினால் முதலில் விழுவது காசு அல்ல, வசவு. அதற்குத் தோல் தடித்த ஆள் வேண்டியிருந்தது. 'புகார் அக்கா' என்ற பட்டப்பெயர் பழைய வேலையிலிருந்து கூடவே வந்துவிட்டது.

வீட்டில் கணவருக்குத்தான் குறை. "ஊர்ல இருக்கிறவன் போடுற கமெண்டுக்கெல்லாம் பதில் எழுதுற. நான் அனுப்பின மெசேஜ் மட்டும் காலையிலேர்ந்து அநாதையா கிடக்கு."

"நீங்க என்ன நன்கொடையா அனுப்பினீங்க? வெங்காயம் எத்தனை கிலோன்னுதானே கேட்டீங்க!"

அறக்கட்டளையின் கைவசம் ஒரு படம் இருந்தது. மூக்கில் குழாயும் கன்னத்தில் மச்சமுமாக, கண் நிறையத் தண்ணீரோடு ஒரு எட்டு வயசுப் பெண். நன்கொடை மந்தமாகும் போதெல்லாம் நிர்வாகி, "அந்தப் படத்தை எடுத்துப் போடுங்கம்மா" என்பார். அக்காவும் போட்டு, 'இந்தச் சின்ன இதயம் உங்களுக்காகக் காத்திருக்கிறது' என்று எழுதுவார். அந்தச் சின்ன இதயம் அறுவைசிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போய் இருபது மாசம் ஆகியிருந்தது. அது அக்காவுக்கும் தெரியும். அந்த வரியை மாற்றவேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பார். அதற்குள் மணி ஏழரை ஆகிவிடும்.

இப்போது வேண்டியிருந்தது ஓர் இதய ஸ்கேன் இயந்திரம். அது இல்லாமல், மூச்சுத் திணறுகிற பிள்ளைகளை நாலு மணி நேரம் பஸ்ஸில் வைத்துப் பெரிய ஊருக்குக் கூட்டிப்போகவேண்டியிருந்தது. சனிக்கிழமைக்குள் பாதிப் பணம் பொதுமக்களிடமிருந்து வந்தால் மீதிப் பாதியைத் தருவதாக ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. செவ்வாய் மாலை வழக்கம்போல அதே படம், அதே வரி.

புதன் காலை ஒரு கமெண்ட் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற ஓட்டுநர் தேர்வு அதிகாரி. பணியில் இருந்தபோது ஊரில் பாதிப் பேரை லைசென்ஸ் தராமல் திருப்பி அனுப்பியவர்.

'மேற்படி படத்திலுள்ள சிறுமிக்காக நான் இரண்டு ஆண்டுகளாக மாதந்தோறும் பணம் அனுப்பி வருகிறேன். என் மனைவி அழுதும் வருகிறார். இன்று காலை எட்டு பத்துக்கு அதே சிறுமி சைக்கிளில் என் ஸ்கூட்டரை முந்திச் சென்றாள். தவறான பக்கமாக. மணி அடிக்கவில்லை. ஒரு கையால் பன் தின்றுகொண்டிருந்தாள். மச்சத்தைக் கொண்டு அடையாளம் உறுதி செய்யப்பட்டது. இது மோசடியா இல்லையா என்பதைத் தெரிவிக்கவும்.'

மதியத்துக்குள் அதன் கீழே முந்நூறு பேர் கூடிவிட்டார்கள். 'அப்பவே நினைச்சேன்' என்றார் ஒருவர். வாழ்நாளில் யாருக்கும் பத்துக் காசு கொடுத்திராத ஒருவர் தன் பணத்தைத் திருப்பிக் கேட்டார்.

நிர்வாகி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தார். "அழிச்சிடுங்கம்மா. அந்த ஆளை பிளாக் பண்ணிடுங்க."

"அழிச்சா, ஆமா திருடினோம்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும் சார்."

"அப்போ அது வேற பொண்ணுன்னு போடுங்க. ஜாடை ஒத்துப்போச்சுன்னு."

"முப்பது வருஷம் ஆளை எடை போட்டே சம்பளம் வாங்கின மனுஷன் சார் அவர். மச்சத்தை வேற குறிச்சு வச்சிருக்கார்."

"காத்திருக்கிறதுன்னு எழுதினது நீங்கதானே?"

"நான்தான். படத்தைப் போடச் சொன்னது நீங்க. தப்பை வேணும்னா பாதிப் பாதியா பிரிச்சுக்கலாம் சார், ஒத்துக்காம மட்டும் இருக்க முடியாது."

நிர்வாகி போனபிறகு அக்கா கமெண்டை மறுபடி படித்தார். பதினோரு வருஷத்தில், 'உங்கள் மெஷின் நன்றாகத் துவைக்கிறது, இது மோசடியா?' என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. இங்கே ஒரு மனிதர், குழந்தை பிழைத்து சைக்கிள் மிதிக்கிறாள் என்று புகார் கொடுத்திருக்கிறார்! அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் எதை எழுதுவதற்கு முன்னாலும் ஒரு ஆளைக் கேட்டாகவேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சிறுமியின் அம்மாவுக்குத் தையல்கடை. மெஷினை நிறுத்தாமலே பேசினார். "அன்னைக்குப் படம் போடலாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தது நான்தான்க்கா. ஆனா அன்னைக்கு யார் எதை நீட்டினாலும் போட்டிருப்பேன். இப்போ இவளையே கேளுங்க."

பள்ளிக்கூடம் விட்டு வந்து பட்டன் டப்பாவைக் குடைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. "என்னை கிளாஸ்ல ட்யூபுன்னு கூப்பிடுறாங்க. அவங்க மறந்தாலும் நீங்க மாசாமாசம் ஞாபகப்படுத்துறீங்க."

இருபத்தேழு விதப் பணிவில் ஒன்றுகூட அக்காவின் வாய்க்கு வரவில்லை. "தப்புதான்டி கண்ணு. இன்னைக்கே எடுத்துடறேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்த ஸ்கூட்டர்காரரை முந்தினது நிஜமா?"

"அவர் ஓட்டிட்டா இருந்தாரு? நின்னுட்டு இருக்காருன்னுல்ல நினைச்சேன்!"

"அதை எழுதட்டுமா?"

சிறுமி யோசித்தாள். "எழுதுங்க. மூஞ்சி வேணாம், பேரும் வேணாம். அப்புறம் அந்த பன்னை விட்டுடுங்க. அம்மாவுக்குத் தெரியாது."

தையல் மெஷின் அப்போதுதான் நின்றது.

அலுவலகம் திரும்பிய அக்கா, அந்தப் படம் போட்ட எல்லாப் பதிவையும் ஒவ்வொன்றாக அழித்தார். நிர்வாகி தலையில் கை வைத்துக்கொண்டார். "சனிக்கிழமைக்கு மூணு நாள்தான் இருக்கு. காய்க்கிற மரத்தை வெட்டிட்டீங்களேம்மா!"

"அந்த மரத்தை கிளாஸ்ல கேலி பண்றாங்க சார்."

அப்புறம் அதிகாரிக்குப் போன் போட்டார். "உங்க புகார் சரிதான் சார். அவ குணமாகி இருபது மாசம் ஆச்சு. நாங்கதான் பழைய படத்தையே போட்டுட்டு இருந்தோம். அதுக்கப்புறம் நீங்க குடுத்தது வேற குழந்தைங்களுக்குப் போச்சு. அதைச் சொல்லாதது எங்க தப்பு."

"அப்போ முதல்ல குடுத்த என் பணம்?"

"அதுதான் சார் இன்னைக்குக் காலையில உங்களை முந்திட்டுப் போச்சு."

"தவறான பக்கமா முந்தினா" என்றார் அதிகாரி.

"சொல்லி வைக்கிறேன் சார்."

"மணி அடிக்கலை."

"அதையும் சொல்றேன்."

பின்னாலிருந்து ஒரு பெண்குரல், "குழந்தை நல்லா இருக்காளாமா?" என்று கேட்டது. தொடர்ந்து அழுகைச் சத்தம். இரண்டு வருஷப் பழக்கம், சட்டென்று விடாதுபோல.

அன்று மாலை, அதிகாரியின் சம்மதத்தோடு அந்தப் புகாரையே பேஜில் போட்டார் அக்கா. மச்சமும் பன்னும் நீக்கப்பட்டிருந்தன. கீழே தன் தப்பை ஒளிக்காமல் எழுதி, 'மோசடி இல்லை, குணம். பழைய படத்தைப் போட்டது பிசகு. இனி போடமாட்டோம். அடுத்த குழந்தையின் நோயைக் கண்டுபிடிக்க ஸ்கேன் இயந்திரம் வேண்டும்' என்று முடித்தார்.

வசைபாடியவர்களில் பாதிப் பேர் வேறு சண்டைக்குப் போனார்கள். மீதிப் பேருக்கு நடுவே புதுசாக ஒரு கூட்டம் வந்தது, அறக்கட்டளையால் குணமான குழந்தைகளின் பெற்றோர். 'ஆபரேஷனுக்கு முன்னாடி எங்க பையன் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரமாட்டான். இப்போ பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி ரெண்டு போச்சு. அறக்கட்டளை பொறுப்பேற்குமா?' என்றார் ஒரு அப்பா. 'என் மகள் பாடத் தொடங்கிவிட்டாள், நிறுத்த வழி உண்டா?' என்றார் ஒரு அம்மா. வெள்ளிக்கிழமைக்குள் இப்படி நாற்பது புகார். அக்கா ஒவ்வொன்றுக்கும், 'ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று பதில் எழுதினார். மாதச் சந்தாக்காரர்களில் இருபத்தாறு பேர் விலகிக்கொண்டார்கள். அவர்களுக்கு அழுகிற படம்தான் வேண்டியிருந்தது. ஆனாலும் சனிக்கிழமை மதியம் பொதுமக்களின் பாதி நிறைந்துவிட்டது.

ஐந்து வாரத்தில் இயந்திரம் வந்து அடுத்த தெரு சிகிச்சையகத்தில் இறங்கியது. முதலில் படுத்தது ஏழு மாசக் கைக்குழந்தை. நிர்வாகியின் கை பரபரத்தது. "அம்மா, முதல் குழந்தை! ஒரே ஒரு படம். சம்மத ஃபார்ம் கையிலேயே இருக்கு."

குழந்தையின் தாய் பேனாவுக்குக் கை நீட்டிவிட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக்கூட இல்லை.

அக்கா ஃபார்மை மடித்துத் தன் பைக்குள் வைத்தார். "இன்னைக்கு வேணாம்மா. டாக்டர் என்ன சொல்றார்னு கேளுங்க. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்க. குழந்தை நல்லானதும் இதைப் படிச்சுப் பார்த்துட்டு, இஷ்டம்னா போடுங்க."

"போடலைன்னா வைத்தியம் பார்ப்பீங்களா?" என்று தயங்கிக் கேட்டார் அந்தத் தாய்.

"அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்று அக்கா சொல்ல, நிர்வாகியும் வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

அன்று ஏழரைக்கு பேஜில் எதுவும் வரவில்லை. அந்த நேரத்தில் அக்கா சிகிச்சையகத்தில் நின்று, ஸ்கேனுக்கு உட்கார்ந்திருந்த பதினான்கு பேரையும் வரிசைப்படி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்.