தொடக்கூடாத உத்தியோகம்

இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின்மேல் பாரமாக உட்கார்ந்திருக்கிறார் அந்த அம்மாள். எதிரே பறிமுதலான ஹார்ட் டிஸ்க் ஒன்றின் நகல் ஏறிக்கொண்டிருக்கிறது. நாற்பத்தொரு சதவீதம். இன்னும் நான்கு மணி நேரம். கைக்கு வேலையில்லை, கால் மட்டும் தையல் மெஷின் ஓட்டுகிறது.

பதினெட்டு வருஷம் செல்போன் ரிப்பேர் கடை நடத்தியவர். நாற்பத்து மூன்றாம் வயதில், குற்ற வழக்குகளின் கணினிகளைத் துருவும் தடயவியல் ஆய்வகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். "எத்தனை போனைப் பிரிச்சிருப்பேன், இதென்ன பிரமாதம்?" என்றுதான் வந்தார். வந்த இடத்தில் முதல் பாடம், நடுப் பாடம், கடைசிப் பாடம் மூன்றும் ஒன்றே: சாட்சியத்தில் கை வைக்காதே.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்றார்கள் பெரியவர்கள். ஸ்க்ரூடிரைவர் பிடித்த கையை ஏனோ மறந்துவிட்டார்கள். முதல் தேர்வில், கொடுத்த போனின் சார்ஜர் துளையில் அழுக்கு இருந்தது. மனசு கேட்கவில்லை. பிரஷ் போட்டுத் துடைத்துப் பளபளவென்று நீட்டினார். அதில் சாட்சியமாக இருந்த கைரேகையும் அழுக்கோடு போய்ச் சேர்ந்தது. இரண்டாம் தேர்வில், அணைந்து கிடந்த லேப்டாப்பை ஒரு தட்டுத் தட்டி எழுப்பினார். "உசிரு இருக்கான்னு பாத்தேன் மேடம்." உள்ளே கோப்புகளின் தேதிகள் சில மாறிவிட்டன.

"இன்னொரு தடவை தப்பு பண்ணீங்கன்னா பழைய கடைக்கே கிளம்பிடுங்க," என்றார் ஆய்வகத் தலைவி. கடையை விற்று ஏழு மாதம் ஆகிறது.

அதனால் வீட்டிலும் விரதம்.

"ஃபேன் ஒரு வாரமா கடகடங்குது. ரிப்பேர்காரியைக் கட்டி என்ன பிரயோஜனம்?" என்றார் கணவர்.

"தொடமாட்டேங்க. பழகிட்டிருக்கேன்."

"வேர்க்குதும்மா!"

"வேர்த்தா துடைச்சுக்கலாம். வேலை போனா?"

மூன்றாம் தேர்வில் மேஜைமேல் இருந்தது, ஓடிக்கொண்டிருந்த ஒரு லேப்டாப். தேர்வுக் கதைப்படி, கடவுச்சொல் தெரிந்தவன் தலைமறைவு. அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். திரை மங்கத் தொடங்கியது. தூங்கிவிட்டால் பூட்டு விழும். அப்புறம் உள்ளே இருப்பதை எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாது. தலைவி மதிப்பெண் தாளை இழுத்துக்கொண்டார். பதினெட்டு வருஷம் கேட்காமலே நீண்ட கை, நீள வேண்டிய நேரத்தில் மரக்கட்டையாகிவிட்டது.

ஒரு வழியாகச் சுட்டுவிரல் மட்டும் புறப்பட்டுப் போய், மவுஸை எள்ளளவு நகர்த்தியது. திரை பளிச்சென்று விழித்தது.

தலைவியின் முகத்தை ஏறிட்டும் பார்க்காமல், அம்மாள் குறிப்பேட்டில் எழுதினார்: "11.42. திரை மங்கியதால் மவுஸை நகர்த்தினேன். தொட்டது நான்." கீழே, அடுத்த பக்கத்திலும் பதியும்படி அழுத்தி, கையெழுத்துப் போட்டார்.