குப்பையில் போட்ட பக்கங்கள்

நகராட்சி அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. கமாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் வந்த விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அவசரப்படுகிறவர்கள் அவசரப்படட்டும், நான் வரிசையாகத்தான் சொல்வேன்.

அந்த அலுவலகத்துக்கு ஓர் இணையதளம் இருந்தது. ஒரு கம்பெனி செய்து கொடுத்தது. பார்க்க அழகுதான். ஆனால் வீடு நம்முடையது, சாவி அடுத்தவன் இடுப்பில் என்கிற கதை. ஓர் எழுத்தை மாற்றுவதற்கும் கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒருமுறை அதில் இப்படி ஓர் அறிவிப்பு வந்தது: 'நாளை தண்ணீர் வரும் வராது என்ற வதந்தியை நம்பாதீர்கள்.' வருமா, வராதா? ஊரே குழம்பிப்போய்ச் சட்டி பானை, குளிக்கிற வாளி, குழந்தையின் பால் டம்ளர் வரைக்கும் நிரப்பி வைத்தது. தட்டச்சு மேசையில் இருந்த இவள்தான், "வரும்கிறதுக்குப் பக்கத்துல ஒரு கமா போடுங்கய்யா!" என்று கம்பெனிக்குப் போன்மேல் போன் போட்டாள். அந்தக் கமா வந்து சேர்வதற்குள் தண்ணீர் வந்து, போய், மழைக்காலமே வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் கமாக்கா.

பெயர் வந்ததில் அவளுக்கு வருத்தமில்லை. சாவி வராததில்தான் வருத்தம். பக்கத்து ஊர் நூலகத்தில் வேலை பார்க்கும் அவள் நாத்தனார்தான் வழி காட்டினாள். அங்கே இணையதளத்தை அவர்களே எழுதுகிறார்கள், அவர்களே திருத்துகிறார்கள். அதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. திறமூலம் என்பார்கள். உள்ளே இருப்பது எதையும் மூடி வைப்பதில்லை. கமாக்கா நேரே நகர்மன்றத் தலைவியின் அறைக்குப் போய் நின்றாள்.

"மேடம், இதுக்கு முதலாளின்னு ஒருத்தர் கிடையாது. எங்கெங்கயோ இருக்கிறவங்க சேர்ந்து எழுதினது. நாம எடுத்துக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், நமக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம்."

"முதலாளி இல்லாத வண்டி ஓடுமா?"

"முதலாளி இருந்த வண்டி ஓடிச்சா மேடம்?"

தலைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் லேசில் மசிகிற ஆளில்லை. "கம்பெனியோட ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. புதுசுல எல்லாப் பிரிவும் அவங்கவங்க பக்கத்தை அவங்கவங்க கையாலயே போட்டுக் கூட்டத்துல காட்டணும். ஒரு பிரிவு காட்டலேன்னாலும் கம்பெனிக்கே கையெழுத்து போட்டுடுவேன். அப்புறம் சாவி கீவின்னு என்கிட்ட வரக்கூடாது" என்றாள்.

வீட்டில் சொன்னபோது, பேருந்து ஓட்டும் அவள் கணவன் வாய்விட்டுச் சிரித்தான். "டைப் அடிக்கிறவ டிரைவர் சீட்ல உக்காந்துட்டா. ஊரு தாங்குமா?"

"நீங்க ஓட்டுற பஸ்ஸை விடவா குலுங்கிடும்? நகருங்க, வேலை இருக்கு."

அலுவலகக் கணினிகளைப் பழுது பார்க்கும் வயர்காரர் புது மென்பொருளை ஏற்றிக் கொடுத்தார். திரை முழுக்கத் தமிழ். கமாக்கா பிரிவு பிரிவாகப் போய், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்து எழுதச் சொல்லிக் கொடுக்காத குறைதான். துப்புரவுப் பிரிவின் மேஸ்திரி மட்டும் அவளைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. வாட்டசாட்டமான ஆள். எந்தச் சந்தில் எந்த லாரி திரும்பும், எது திரும்பாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"நீ மத்தவங்களைப் போய்ப் பாரும்மா. லாரியையே மேய்ச்சவன், இந்த எலியை மேய்க்க மாட்டேனா?" என்று மவுசைத் தூக்கிக் காட்டினார்.

கோழி கொத்துவது போல ஒற்றை விரலால் கொத்திக் கொத்தி, தெருத்தெருவாக லாரி வரும் நேரத்தை எழுதினார். ஒருநாள் நடையில் அவளை மறித்து, "முடிச்சாச்சு! ஒண்ணு விடாம உரிய இடத்துல கொண்டுபோய்ச் சேத்தாச்சு" என்றார். சந்தைப் பிரிவுக்காரர்களோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தவள், சரி அண்ணே என்று விட்டுவிட்டாள்.

கூட்ட நாள் வந்தது. மன்றத்தில் பெரிய திரை. முன்வரிசையில் கம்பெனிக்காரர், மடியில் ஒப்பந்தத்தோடு. தண்ணீர்ப் பிரிவின் பக்கம் வந்தது, கைதட்டினார்கள். தெருவிளக்கு வந்தது, சந்தை வந்தது, கழிவுநீர் வந்தது. துப்புரவு என்று கமாக்கா தட்டினாள். திரை துடைத்துவிட்ட பலகை மாதிரி வெறுமையாக இருந்தது. மறுபடி தட்டினாள். அப்போதும் அதே வெறுமை.

கம்பெனிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஓசியில கிடைக்கிறதுன்னா இப்படித்தான் மேடம். இன்னைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது."

தலைவி பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

மேஸ்திரி துள்ளி எழுந்தார். "அதெப்படி இல்லாமப் போகும்? என் கையால போட்டேன். காலையிலகூடப் பாத்துட்டுத்தான் வந்தேன், எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு!"

"எங்க அண்ணே போட்டீங்க?"

"எங்க போடுவேன்? நம்ம பிரிவுலதான். எழுதி முடிச்சதும் பக்கத்துலயே 'குப்பைக்கு அனுப்பு'ன்னு ஒரு பட்டன் இருக்கே, அதை அமுக்கி ஒவ்வொண்ணா அனுப்பி வெச்சேன்!"

அந்த மென்பொருளில் வேண்டாம் என்று நீக்குவதெல்லாம் போய் விழுகிற இடத்துக்குத்தான் குப்பை என்று பெயர். கொஞ்ச நாள் அங்கே கிடக்கும், கெடு தாண்டினால் தானாக அழிந்துபோகும். மனிதர் தன் பிரிவின் பக்கங்களை ஆசை ஆசையாக எழுதி, அக்கறையாகக் குப்பையில் போட்டு வைத்திருக்கிறார்!

மன்றம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு எழுந்தது. மேஸ்திரியின் முகம் சிவந்தது.

"யாரும் சிரிக்காதீங்க!" கமாக்கா மேசையைத் தட்டினாள். "இந்தக் கட்டடத்துல குப்பைன்னா அண்ணனோட பிரிவு. நாமளே அப்படித்தானே சொல்றோம்? 'குப்பைக்கு ஒரு தபால் வந்திருக்கு'ன்னு தினமும் கத்துறோமே. அதைத்தான் அவர் நம்பினார்."

சொல்லிக்கொண்டே குப்பையைத் திறந்தாள். கெடு தாண்டவில்லை. அத்தனை தெருவும் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தது. மொத்தத்தையும் மீட்டாள், வெளியிட்டாள். திரை நிரம்பியது. பள்ளிக்கூடத் தெருவில் பிள்ளைகள் உள்ளே போன பிறகுதான் லாரி வரும், ஆஸ்பத்திரிச் சந்தில் ஹாரன் அடிக்கக் கூடாது என்பதுவரை எழுதியிருந்தார் மனிதர். இப்போது விழுந்த கைதட்டலில் மேஸ்திரியின் நெஞ்சு நிமிர்ந்தது.

தலைவி பேனாவை மூடவில்லை. "வந்துடுச்சு, சந்தோஷம். ஆனா நாளைக்கும் அந்தப் பட்டன் அங்கேயேதானே இருக்கும்?" என்றவள், கம்பெனிக்காரர் பக்கம் திரும்பினாள். "உங்களோடதுல ஒரு வார்த்தை இடிச்சா எப்ப மாத்துவீங்க?"

"எழுதிக் குடுத்தீங்கன்னா மேலிடத்துல பேசி, அடுத்த..."

மன்றத்தில் யாரோ கமாக்காவைப் பார்த்துக் கண்ணடித்தார்கள்.

"நாங்க இப்பவே மாத்துவோம் மேடம்" என்றாள் அவள். "வார்த்தையைச் சொல்லுங்க."

"கழிவுன்னு போடுங்க" என்றது சந்தைப் பிரிவு.

"அதெப்படி? கழிவுநீர் நாங்க இருக்கோம்ல! எங்க தலையில வந்து விழவா?" கழிவுநீர்ப் பிரிவு எழுந்து நின்றது.

"சரி, தொட்டின்னு..."

"தொட்டி எங்களோடது!" இது தண்ணீர்ப் பிரிவு.

"கூடை?"

"சந்தையில கூடையைத் தவிர வேற என்ன இருக்கு?"

அடேயப்பா, அந்தக் கட்டடத்தில் ஆளில்லாத வார்த்தையே கிடையாது போலிருக்கிறது. கடைசியில் மேஸ்திரிதான், "எதுக்கு இந்தச் சண்டை? நீக்கினதை நீக்கினதுன்னே சொல்லிட்டுப் போங்களேன்" என்றார். எந்தப் பிரிவும் எதிர்க்கவில்லை. வயர்காரர் மென்பொருளுக்குள்ளே போய்ச் சொல்லை மாற்றினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குப்பை மறைந்து 'நீக்கியவை' வந்து நின்றது.

தலைவி பேனாவை மூடிப் பையில் போட்டாள். கம்பெனிக்காரரிடம், "தேநீர் குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

கமாக்கா அதோடு விட்டுவிடவில்லை. அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுதுகிறவர்கள் ஒரு குழுவாக இருக்கிறார்கள். ஆளுக்கொரு நாட்டில், சம்பளமில்லாமல். அவர்களுக்கு நடந்ததையெல்லாம் எழுதி அனுப்பினாள். பதில் வந்தது: 'படித்துப் படித்துச் சிரித்தோம். உங்கள் சொல்லை எல்லோருக்குமாக வைத்துவிட்டோம். குப்பையை உங்கள் துப்புரவுப் பிரிவுக்கே திருப்பித் தருகிறோம்.'

அவள் அதை மேஸ்திரியின் அறைக்கே போய் உரக்கப் படித்தாள். அவர் ஒன்றுக்கு இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். "அப்ப தமிழ்ல இதை எவன் திறந்தாலும் என் வார்த்தைதான் இருக்குமா?"

"உங்க வார்த்தைதான் அண்ணே."

"அப்படின்னா நகரு" என்று மவுசை இழுத்துக்கொண்டார். "அவங்களுக்கு நானே பதில் எழுதுறேன். நீ பக்கத்துல நிக்காத, கமா கிமான்னு சொல்லி என்னைக் குழப்புவ."

அவள் வாசல்வரை போனாள், தாண்டவில்லை. நிலையில் சாய்ந்து நின்று, அந்த ஒற்றை விரல் கொத்துகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.