மூன்றாவது கை

தாரை வார்க்க எத்தனை கை வேண்டும் என்பதுகூடத் தெரியாத முட்டாள் நான். மகளின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது, சேலையூர் வீட்டின் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். ஒரு தேங்காயை இரண்டு கையாலும் ஏந்தினேன். மாப்பிள்ளைக்குப் பதில் கட்டில்மேல் ஒரு தலையணை. மேடையில் தடுமாறி மானம் போகக்கூடாது அல்லவா? தேங்காய்மேல் தண்ணீர் விட வேண்டும் என்று சொம்பை எடுக்கப் போனபோதுதான் கை போதாதது தெரிந்தது. தேங்காயைக் கக்கத்தில் இடுக்கிப் பார்த்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம்தான் உறைத்தது. தண்ணீர் விடுவது பெண்ணின் அம்மா. அவள் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அது மறந்துபோய்த் தேங்காயோடு நிற்கிறேன்.

மனைவியில்லாத ஆண் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இந்தப் பதினான்கு மாதமும் காலனி எனக்குப் பக்குவமாகப் பாடம் எடுத்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா சாம்பார் டப்பாவை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போவார், உள்ளே வரமாட்டார். கிரகப்பிரவேசத்துக்குப் போனால், சார் சாப்பிட்டுட்டுப் போங்க என்று நேராகப் பந்திக்கு அனுப்பிவிடுவார்கள். யாரும் மனம் நோகப் பேசியதில்லை. எனக்கு வைத்த இடத்தில் நான் இருந்தேன். காரியத்தன்றே நான் ஒரு ஜோக் அடித்தபோது எல்லார் முகத்திலும் வந்த நிம்மதியைப் பார்த்திருந்ததால், அதையே தொழிலாகவும் வைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு தம்பியும் அவன் மனைவியும் வந்தார்கள். தம்பி காபியைக் குடிக்காமல் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"அண்ணா, மணையில ஜோடியாதான் உட்காரணும்னு ஐயர் சொல்றாரு. நீ தனியா... நாங்க ரெண்டு பேரும் உட்காரட்டுமா?"

ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "தாராளமா உட்காருடா. என் முட்டிக்குத் தரையில உட்கார்ந்தா, தூக்கறதுக்கு கிரேன்தான் வரணும்."

தம்பி மனைவி சிரித்தே விட்டாள். தம்பி காபியை ஒரே மடக்கில் குடித்தான். மகள் சமையலறையில் இருந்தாள். ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. அவள் சிரிக்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. சட்னி அரைபட்டுவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் புத்தி.

கூடுவாஞ்சேரியில் மண்டபம். காலை முகூர்த்தம். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் பன்னீர் தெளித்தேன். வந்தவர்கள் எல்லாரிடமும் சர்க்கரை அளவு விசாரித்தேன். தாரை வார்க்கும் நேரத்துக்கு மட்டும் ஓடிப்போய் மேடையோரம் நின்றேன். தம்பி நேர்த்தியாகச் செய்தான். மகள் கைக்கு அடியில் மாப்பிள்ளை கை, மேலே தேங்காய். தம்பி மனைவி சொம்பைச் சாய்த்தாள். என்னையறியாமல் ஓரடி முன்னால் போயிருக்கிறேன்.

"சார், கொஞ்சம் தள்ளிக்கங்க," என்றார் போட்டோ எடுப்பவர். "பொண்ணோட பேரன்ட்ஸ் மறையறாங்க."

தள்ளிக்கொண்டேன். அவருக்கு எப்படித் தெரியும், பாவம். தள்ளி நின்ற இடத்தில் ஏர்கூலர் முழு வேகத்தில் முகத்தில் அடித்தது. கண்ணில் தண்ணீர் வருவதற்கு அதைவிட நல்ல காரணம் யாருக்குக் கிடைக்கும்?

தாலி கட்டி முடிந்ததும் இருவரும் என் காலில் விழுந்து எழுந்தார்கள். மாப்பிள்ளையை அவருடைய நண்பர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். மகள் மட்டும் என் எதிரில் நின்றாள். மாலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஏதாவது பேசியாக வேண்டும், எனக்குத் தெரிந்த ஒரே பேச்சு ஜோக்தானே.

"சித்தப்பா பிசகாம பண்ணிட்டாரு பாத்தியா? நானா இருந்திருந்தா மந்திரத்தைக் கொலை பண்ணி ஐயரையே அழ வெச்சிருப்பேன்."

அவள் மாலையைச் சரிசெய்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாப்பா?"